முத்திரை விழுந்த கொப்பி: ஊர்ப் பிரச்சினைக்காக இறங்குபவர்களுக்கு

என் கடை கிளிநொச்சியில், ஏ-9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஓர் ஒழுங்கையின் முகப்பில் இருக்கிறது. 2011இல் வவுனியாவில் வாங்கிய பழைய போட்டோக்கொப்பி மெசின் ஒன்றோடு தொடங்கினேன். அடையாள அட்டைக் கொப்பி, பிள்ளைகளின் பாஸ்ட் பேப்பர், வேலை விண்ணப்பம் என்று வருபவர்களோடு மனு எழுத வருபவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ரைப்பிங் அக்காவின் கடை எது என்று கேட்டால் சந்தியிலேயே காட்டிவிடுவார்கள். காணிக்காக, கிணற்றுக்காக, காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காக, பஸ் நிற்காமல் போகும் தரிப்பிடத்துக்காக அடித்துக் கொடுத்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. அதோடு நிற்காமல் சில போராட்டங்களில் கதிரையும் தூக்கியிருக்கிறேன்.

போன மாதம் நாலைந்து இளம் பிள்ளைகள் வந்தார்கள். "அக்கா, எங்கட பக்கம் ஒரு கவனயீர்ப்புப் போராட்டம் செய்யப் போறம். பதாகைக்கு வசனம் சொல்லுங்கோ."

"கடிதம் குடுத்தீங்களா?"

"ஓம், போன வருசமே குடுத்தது."

"முத்திரை அடிச்ச கொப்பி எங்க?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அன்று அவர்களுக்கு வாங்கில் இருத்திச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், யாருடைய வேலை அது

மனு எழுத வருபவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள்: "பிள்ளை, எல்லாத்தையும் போட்டு எழுது." வீதி, தண்ணீர், யானை, தெருவிளக்கு, வீட்டுத்திட்டம் எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டால், வாங்குகிற அதிகாரி தனக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு முழுக் கடிதத்தையும் இன்னொரு இடத்துக்குத் தள்ளிவிடுவார். ஒரு கடிதத்தில் ஒரு விசயம். மற்றதற்கு வேறு தாள் எடுங்கள், கொப்பிக் காசு எனக்கும் வரும்.

அடுத்தது, அந்த வேலை யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இதில் நான் நன்றாக அடிபட்டவள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கை முடிவில் இருந்த மதகு இடிந்து போனது. தென்னங்குற்றி இரண்டைப் போட்டு அதன்மேல் பிள்ளைகள் சைக்கிளை உருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். 2019 பெப்ரவரியில் ஓர் அலுவலகத்துக்கு 63 கையெழுத்தோடு கடிதம் கொடுத்தோம். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. இரண்டே வரி. அந்த வீதி எங்களுடையதல்ல.

ஏழு மாதம் போனதற்கு அவர்களைத் திட்டி என்ன செய்வது, பாதிப் பிழை என்னுடையது. ஏ-9 போன்ற பெரிய வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது. அதற்கு அடுத்த தரத்து வீதிகள் மாகாணத் திணைக்களத்திடம் இருக்கும். உள்வீதியும் ஒழுங்கையும் பெரும்பாலும் பிரதேச சபை. வாய்க்கால் ஓரத்துப் பாதை என்றால் நீர்ப்பாசனத்தையும் கேட்க வேண்டும், கமநல சேவையையும் கேட்க வேண்டும். காணி என்றால் அது வன இலாகாவிடமா, பிரதேச செயலகத்திடமா, படையினரிடமா என்று தெரியாமல் பேனையைத் தூக்கக் கூடாது. ஊர் விதானையாரிடம் போய் ஒரு பிளேன்ரீ குடிக்கும் நேரம் இருந்தால் பாதி விசயம் தெரிந்துவிடும். மீதிக்குத் தகவல் சட்டம் இருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடிதம்

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். என்ன நடந்தது, எப்போதிலிருந்து, எத்தனை குடும்பம், என்ன செய்து தர வேண்டும், எந்தத் திகதிக்குள் பதில் வேண்டும். "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை, ஒரு தரம் போதும். சிலர் நாலு இடத்தில் தாழ்ந்துவிடுவார்கள்.

கையெழுத்துத் தாள்தான் கூடக் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு கையெழுத்துத் தாளின் தலைப்பிலும் கோரிக்கையை முழுதாக அடியுங்கள். வெறும் கோடு போட்ட தாளில் சனம் கையெழுத்து வைத்தால், அந்தத் தாள் பிறகு எந்தக் கடிதத்தின் பின்னால் குத்தப்படும் என்று யாருக்கும் தெரியாது. தேர்தல் காலத்தில் அப்படி ஒன்று நடந்து, ஒரு கிராமமே ஒருவருக்கு ஆதரவு கொடுத்ததாகத் தாள் சுற்றியது எனக்குத் தெரியும். கைநாட்டு வைக்கும் ஆச்சிமாருக்குக் கடிதத்தை உரத்து வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மைப் பெட்டியைத் திறக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தை அலுவலகத்துக்குக் கொடுக்கும் பிரதியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகைக்காரருக்கும் முகநூலுக்கும் போகிற பிரதியில் அது வேண்டாம்.

கடிதத்தை இரண்டாக எடுத்துப் போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் திகதி முத்திரையும் பெற்றவரின் கையெழுத்தும் வாங்குங்கள். "வைச்சிட்டுப் போங்கோ, பிறகு பாப்பம்" என்பார்கள். வைக்காதீர்கள். முத்திரை அடிக்க மாட்டோம் என்றால் சண்டை பிடிக்காமல் நேரே தபாற்கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தப் பற்றுச்சீட்டின் எழுத்து நாளடைவில் மங்கும், அன்றே கொப்பி எடுத்துவிட வேண்டும். கொப்பி விசயத்தில் எனக்குக் கொஞ்சம் விசர் என்று வீட்டில் சொல்வார்கள். எங்கள் காணி உறுதி 2009இல், கடைசி யுத்தத்தில், மாத்தளன் பக்கம் றங்குப் பெட்டியோடு போனது. அதற்கு ஒரு கொப்பி வேறு எங்கேயாவது இருந்திருந்தால் நான் எத்தனை கந்தோர்ப் படி ஏறாமல் இருந்திருப்பேன்.

பதிலை எந்த மொழியில் கேட்கலாம் என்று சிலர் தயங்குகிறார்கள். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ்தான், அது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. சிங்களத்தில் பதில் வந்தால், தமிழில் தாருங்கள் என்று அதே திகதியைக் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் கொடுங்கள்.

தகவல் கேட்பது

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எட்டு வருடம் தாண்டியும் அதை ஏதோ பத்திரிகையாளருக்கான சட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. நாட்டின் குடிமகன், குடிமகள் எவரும் கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வோர் அரச அலுவலகத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருக்க வேண்டும், விண்ணப்பம் அவர் பெயருக்குப் போக வேண்டும். தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ, அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் என்று ஒருவர் இருப்பார், 14 நாளுக்குள் அவருக்கு மேன்முறையீடு. அங்கேயும் சரிவரவில்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

சட்டம் நல்லது, நாங்கள் கேள்வி கேட்கும் விதம்தான் சரியில்லை. "எங்கள் மதகை ஏன் இன்னும் கட்டவில்லை?" என்று கேட்டால், "நிதி கிடைத்ததும் கட்டப்படும்" என்று பதில் வரும். அதுவும் பதில்தான், சட்டப்படி பிழையில்லை. தாளைக் கேளுங்கள். நான் இரண்டாம் தரம் கேட்டது இப்படி: இந்த ஒழுங்கை எந்த நிறுவனத்தின் வீதிப் பதிவேட்டில் உள்ளது, அந்தப் பக்கத்தின் பிரதி. 2018 வெள்ளச் சேதமாக இந்தப் பிரிவில் பதியப்பட்ட மதகுகளின் பட்டியல். அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட தொகை, மதகு மதகாக. மூன்றே கேள்வி.

வந்த பட்டியலில் எங்கள் மதகு இருந்தது. இன்னோர் அலுவலகத்தின் பெயரில், தொகையும் போட்டு, "முடிவுற்றது" என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை நான் மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்த் தென்னங்குற்றியை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தேன். களவு என்று சனம் கொதித்தது. பக்கத்து ஒழுங்கையில் கட்டிய மதகுக்கு எங்கள் பெயரைப் போட்டிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. உண்மை தெரியுமுன் யாரையும் கள்ளன் என்று பதாகையில் எழுதாமல் விட்டதற்கு இன்றைக்கும் நிம்மதி.

கூட்டம்

எந்தக் கட்சிக்காரரின் வீட்டிலும் கூட்டம் வைக்காதீர்கள். சனசமூக நிலையம், கோயில் மடம், சேர்ச் மண்டபம், மரநிழல், எதுவானாலும் எல்லோரும் கால்வைக்கக் கூடிய இடம். கோயில் என்றால் எல்லோரும் உள்ளே வருவார்களா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அதை நான் சும்மா சொல்லவில்லை. 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து எங்கள் மாவட்டத்தில் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். வயல் வெட்டியதும் காடு வெட்டியதும் அவர்கள். இன்னும் காணிக்குப் பெர்மிற் இல்லாமல் இருப்பவர்களிலும் அவர்கள் நிறைய. ஊர்க்கூட்டம் என்று நாங்கள் கூட்டுவது பல தடவை அவர்கள் இல்லாத கூட்டம். அரசிடம் நீதி கேட்க நிற்கிற வரிசையில் யார் பின்னுக்கு நிற்கிறார்கள் என்று எங்கள் வீட்டுக்குள்ளேயும் ஒரு கணக்கு எடுக்கத்தான் வேண்டும். எங்கள் மதகுக் கூட்டத்துக்கு முதல் நாள் வந்தது 11 பேர், எல்லோரும் ஒழுங்கையின் இந்தப் பக்கம். மதகுக்கு அங்கால் இருக்கும் வீடுகளுக்கு நான் சைக்கிளில் போய்ச் சொன்ன பிறகு 40 பேர் வந்தார்கள். தினமும் அந்தக் குற்றியைக் கடப்பது அவர்களின் பிள்ளைகள்தானே.

நேரம் பின்னேரம் நாலரை. கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அதற்கு முன் வரமாட்டார்கள், இருட்டிய பிறகு யானைப் பயம். காலபோக விதைப்பிலும் அறுவடையிலும் கூட்டம் வைத்துவிட்டு "சனத்துக்கு அக்கறை இல்லை" என்று சொல்லக் கூடாது.

காசுக் கொப்பி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணிக்கு 500 ரூபா தந்தவர் பெயரும் அதில் வேண்டும். வெளிநாட்டில் இருந்து யாராவது அனுப்பினால் அதையும் கூட்டத்தில் வாசியுங்கள். நல்ல காரியங்கள் உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன், பொலிசால் உடைந்ததைவிடக் காசுக் கதையால் உடைந்ததுதான் கூட.

வீதிக்கு வரும் நாள்

ஊர்வலம் என்றால், அது புறப்படும் இடத்துக்குக் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்க வேண்டும் என்று பொலிஸ் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அறிவித்தல்தான், கெஞ்சல் இல்லை. அதையும் எழுத்தில் கொடுத்து, அதற்கும் முத்திரை வாங்குங்கள். ஒலிபெருக்கிக்கு மட்டும் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். 50 பேருக்கு அது தேவையில்லை. குரல் நல்ல ஓர் அக்கா போதும்.

அமைதியாகக் கூடுவதற்கான உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அதைக் கொப்பி எடுத்து ஒருவர் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும். நீதிமன்றத் தடையுத்தரவு என்று யாராவது கொண்டுவந்தால் வாங்கி வாசியுங்கள்: யார் பெயர், எந்த இடம், எத்தனை நாள். அதைப் படம் எடுத்துச் சட்டத்தரணிக்கு அனுப்பிவிட்டு, அவர் சொல்லும் வரை எதுவும் செய்யாமல் இருங்கள்.

பதாகையில் ஐந்து சொல்லுக்கு மேல் வேண்டாம். ஓடுகிற பஸ்சில் இருப்பவர் வாசிக்க வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் போடுங்கள். சிங்களத்தைக் கூகிளிடம் கேட்டு அப்படியே எழுதாதீர்கள். ஒரு தரம் நாங்கள் "நீதி" கேட்கப் போய் வேறு எதையோ கேட்டிருந்தோம், காவலுக்கு நின்ற பொலிஸ் தம்பியே சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்து சொன்னார். சிங்களம் தெரிந்த ஒருவரிடம் முதலே காட்டுங்கள்.

காலை 10 மணிக்குத் தொடங்கி 11க்கு முடியுங்கள். வாசலை மறிக்காமல் நில்லுங்கள், அம்புலன்ஸ் போக வழி இருக்கட்டும். தண்ணீர், குடை, வயதானவர்களுக்குக் கதிரை. பக்கத்தில் எந்த வீட்டில் மலசலகூடத்துக்குப் போகலாம் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். ஆண்கள் ஒழுங்கு செய்யும் போராட்டங்களில் இது எப்போதும் மறந்துபோகும். ஊடகத்துக்குப் பேச ஒருவர், மகஜர் கையளிக்க மூவர், வீதியோரம் சனத்தை ஒதுக்க இருவர், நேரத்தையும் நடந்ததையும் எழுத ஒருவர். அரசியல்வாதி வந்தால் கதிரை கொடுங்கள், மைக்கைக் கொடுக்காதீர்கள். நுண்கடன் கட்ட முடியாமல் இருக்கும் பெண்கள், விசாரணைக்கு அழைக்கப்பட்ட குடும்பங்கள் எல்லாம் படத்தில் முகம் வருவதை விரும்பாமல் இருக்கலாம். அவர்கள் பின்வரிசையில் நிற்கட்டும். பிள்ளைகளை முன்னுக்கு விட்டுப் படம் எடுக்க வேண்டாம்.

சிவில் உடுப்பில் வந்து எல்லோரையும் போனில் படம் பிடிப்பவர்கள் எங்கள் பக்கம் புதிதில்லை. கத்தாதீர்கள். நேரம், மோட்டார் சைக்கிள் இலக்கம், ஆள் எப்படி இருந்தார் என்று கொப்பியில் எழுதுங்கள். பிறகு யாருக்காவது "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்று போன் வந்தால், எழுத்தில், தமிழில் அழைப்புத் தரச் சொல்லுங்கள். தனியே போகாதீர்கள். வாசிக்க முடியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996, அதைப் போனில் பதிந்து வையுங்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போவதென்றால் ஒரு மாதம்தான் அவகாசம், ஆனபடியால் முறைப்பாட்டை ஆறப் போடாதீர்கள்.

ஒரு நாளில் முடியாதது

மதகு ஒரு சின்ன விசயம். காணியும் காணாமல் ஆக்கப்பட்டோரும் அப்படி இல்லை. கேப்பாப்பிலவில் பிலக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31இல் படைமுகாம் வாசலில் உட்கார்ந்தார்கள், ஒரு மாதத்தில் அந்தத் துண்டுக் காணி கிடைத்தது. இரணைதீவு மக்கள் அதே வருடம் மே 1இல் தொடங்கி, ஏறக்குறைய ஒரு வருடம் இருந்துவிட்டு, 2018 ஏப்ரல் 23இல் வெள்ளைக்கொடி கட்டிய வள்ளங்களில், கடற்படை வசமிருந்த தங்கள் தீவுக்குத் தாங்களே போய் இறங்கினார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கினார்கள். அவர்களுக்கு இன்னும் பதில் இல்லை. அதில் இருந்த அம்மாமார் பலர் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள்.

அவர்களின் போராட்டக் கொட்டகைக்கு நான் கொப்பித் தாள் கொண்டுபோய்க் கொடுக்கப் போவதுண்டு. அங்கே பார்த்துப் படித்தது முறை வைத்து இருப்பதை. இன்றைக்கு இந்தக் கிராமம், நாளைக்கு அந்தக் கிராமம். ஒருவருக்கும் முழுப் பாரம் இல்லை. ஓர் அம்மா முடிந்த ஒவ்வொரு நாளையும் நீலப் பேனையால் ஒரு சீஆர் கொப்பியில் எழுதுவார். யார் வந்தார்கள், யார் தேத்தண்ணி போட்டார்கள், யாருக்குப் பிரஷர் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனது. கொப்பி நனையாமல் இருக்க பாண் சுற்றி வரும் பொலித்தீன் பைக்குள் போட்டு மகனின் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். ஒரு நாள் என்னிடம், "பிள்ளை, இதை முழுக்கக் கொப்பி எடுத்து வேற வீட்டிலயும் ஒண்டு வை" என்றார். 180 பக்கம். காசு வாங்கவில்லை. ஒன்று என் கடை அலுமாரியில் இருக்கிறது.

நீண்ட நாள் இருக்கப் போகிறவர்களுக்கு என்னால் சொல்லக் கூடியது அவ்வளவுதான். முறை, நாட்கொப்பி, அதன் இன்னொரு பிரதி.

எங்கள் மதகுக்கு வருகிறேன். பட்டியலோடு 45 பேர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த அலுவலக வாசலில் ஒரு மணி நேரம் நின்றோம். மகஜரோடு முதல் கடிதத்தின் கொப்பி, இரண்டு வரிப் பதில், தகவல் சட்டத்தில் வந்த தாள் எல்லாவற்றையும் திகதி வரிசையில் குத்திக் கொடுத்தேன். உள்ளே கூப்பிட்டுக் கதைத்தார்கள். பெயர் மாறிய கதை அப்போதுதான் வெளியே வந்தது. பிறகு கொரோனா வந்தது, இன்னொரு மாரியும் போனது, நடுவில் இரண்டு நினைவூட்டல் கடிதம். கடைசியில் கொங்கிறீற் மதகு வந்தது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும்.

மற்றப் பக்கக் கைப்பிடிக்கு அடுத்த கடிதம் எழுதுமுன் நன்றிக் கடிதம் ஒன்று எழுதிக்கொண்டு போனேன். கிளாக் தம்பி வாங்கி வாசித்துவிட்டு, "அக்கா, இதுக்குமா?" என்று கேட்டார். ஓம் என்று இரண்டாவது பிரதியை நீட்டினேன். சிரித்துக்கொண்டே முத்திரையை மைப்பெட்டியில் இரண்டு தரம் அமத்தி, திகதியைச் சரிபார்த்து, அடித்துத் தந்தார்.